பொட்டிக்குள்ள பேஞ்ச மழ

பன்னெண்டு. இந்த நம்பர மனசுல வச்சுக்கங்க. வட்டவளைக்கு மேல, தேயிலைத் தோட்டத்து மேப்பிரிவு லயத்துல பன்னெண்டு வீடு. கூரை ஒண்ணே ஒண்ணு, அதுவும் தகரம். நடுச்சுவரு கூரைய தொடாது. மொத வீட்டுல தும்முனா கடைசி வீட்டுல இருந்து "யாருக்கு சளி?"ன்னு கேப்பாங்க. அந்த லயத்துல ஒருத்தன் கித்தார் வாங்கிட்டு வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

அவன் பேரு துஷாந்த். ஹட்டன்ல ஃபாஸில் நானாவோட கடையில ஃபோன் ரிப்பேர் பாக்குறான். கித்தாரோட ஒரு பெடலும் வச்சிருக்கான். காலால மிதிச்சா போதும், சாதுவா இருந்த கம்பி கொழுந்து லொறி மேடு ஏறுற மாதிரி உறுமும். ஆனா அந்தப் பெடலுக்கு நல்லது கெட்டது தெரியாது. கம்பி சத்தத்தோட சேத்து வயர்ல கெடக்குற எரைச்சலையும் பெருசாக்கிரும். வாசிக்கும்போது தெரியாது. கைய எடுத்தா ஸ்பீக்கர் பொட்டியில ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். அச்சு அசலா தகரத்துல மழ பேயிற சத்தம்.

மலையில பொறந்தவங்களுக்கு அந்த சத்தம் காதுல விழுந்தா காலு தானா ஓடும். கொடியில துணி கெடக்குமே. போன வருஷம் திருவிழாவுல பூசாரி தீபத்த தூக்குன நேரம் பாத்து துஷாந்த் கம்பியில இருந்து கைய எடுத்தான். ஸ்ஸ்ஸ். அம்புட்டு சனமும் லயத்துக்கு ஓடிருச்சு. சாமிக்கிட்ட மிஞ்சுனது பூசாரியும் தப்பு அடிக்கிற மூக்கனும்தான்.

இந்த வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் அழகன் கண்டிஷனா சொல்லிட்டாரு. "மறுபடி மேடையில மழ பேஞ்சா கித்தாருக்கு எடமில்ல தம்பி. கினிகத்தேனையில கிஷாந்த்னு ஒரு பையன் கீபோட் வாசிக்கிறான். ஒரு ஃபோன் போட்டா வந்துருவான்." சனிக்கெழம பகல் கோயில் மைதானத்துல கமிட்டி முன்னால வாசிச்சுக் காட்டணும்னும் சொன்னாரு.

சொந்த சனத்து முன்னால வாசிக்க அவனுக்கு இருக்குறதே அந்த ஒரு மேடைதான். விடுவானா? வீடியோ பாத்தான். சத்தத்துக்கு கேட் போடலாம்னு அதுல காட்டுனாங்க. சங்கதி சின்னதுதான். ஒரு குட்டி பல்பு, அதுக்கு எதுத்தாப்புல பொத்தான் அளவு ஒரு சாமான். கம்பிய தட்டுனா பல்பு எரியும். பொத்தான் மேல வெளிச்சம் பட்டா சத்தத்துக்கு வழி விடும். கைய எடுத்தா பல்பு அணையும், வழி அடைபடும், எரைச்சல் உள்ளேயே கெடக்கும். கேட்டத் தொறக்கவும் மூடவும் காவக்காரன் சம்பளம் கேக்கமாட்டான்.

பொத்தான ஃபாஸில் நானா, இருட்டுனா தானா எரியுற ஒரு பழைய லைட்டுல இருந்து கழட்டிக் குடுத்தாரு. குடுத்துட்டு, லயத்துல ஆளுங்க வாயையே மூட ஏலாது, நீ கம்பி வாய மூடப் போறியான்னு ஒரு குத்தும் குத்துனாரு.

துஷாந்த் எல்லாத்தையும் ஒரு மீன் டின்னுக்குள்ள பொருத்துனான். திருகி சரிபாக்க வசதியா டின்னோட வாய தொறந்தே விட்டான். பல்பையும் பொத்தானையும் சேத்து கறுப்பு டேப் சுத்தணும்னு வீடியோவுல சொன்னாங்கதான். அது அழகுக்குன்னு நெனச்சுட்டான்.

வீட்டுல வாசிச்சுப் பாத்தான். கைய எடுத்தான். ஊசி விழுந்தா கேக்கும். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, "என்னடா, கரண்ட் போயிருச்சா?"ன்னுச்சு.

சனிக்கெழம மைதானத்துல சுள்ளுனு வெயில். கமிட்டிக்காரங்க கதிரை போட்டு ஒக்காந்திருந்தாங்க. துஷாந்த் நல்லாத்தான் வாசிச்சான். கைய எடுத்தான்.

ஸ்ஸ்ஸ்.

டின்ன திருகுனான். ஸ்ஸ்ஸ். குனிஞ்சு ஊதிப் பாத்தான். ஸ்ஸ்ஸ். கேட்டுக்காரன் தூங்கிட்டான் போலன்னு மூக்கன் சொன்னான். தலைவர் ஃபோன எடுத்து காதுல வச்சாரு.

கொழுந்த தராசுல நிறுத்துட்டு அந்தப் பக்கமா வந்த அம்மாக்கண்ணுக்கு சத்தம் கேட்டுச்சு. மண்டைய பொளக்குற வெயில், ஆனா அது கண்ண நம்பல, காதத்தான் நம்புச்சு. ஓடி வந்து இடுப்புல கட்டியிருந்த தடிச்ச படங்குத் துணிய அவுத்து பெடல், டின்னு எல்லாத்தையும் மூடிருச்சு.

"கரண்டு சாமான மழையில போட்டுட்டு என்னடா வேடிக்க பாக்குற?"

சத்தம் நின்னுச்சு. கமிட்டி மொத்தமும் வானத்த அண்ணாந்து பாத்துச்சு.

"நின்னுருச்சா?"ன்னு அம்மாக்கண்ணு படங்க தூக்குச்சு. ஸ்ஸ்ஸ். போட்டுச்சு. அமைதி. திரும்பவும் தூக்குச்சு. தலைவரோட ஃபோனுக்குள்ள கிஷாந்த் ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டிருந்தான்.

துஷாந்துக்கு அப்பத்தான் வெளங்குச்சு. பொத்தானுக்கு குட்டி பல்பும் ஒண்ணுதான், சூரியனும் ஒண்ணுதான். வெயில் பட்டதும் கேட் ஆன்னு தொறந்துகிட்டு நின்னுருக்கு. கறுப்பு டேப்புல சுத்துனா சரியாயிரும் தலைவரேன்னான்.

தலைவரு ஃபோன வச்சாரு. "டேப்பு கீப்பெல்லாம் எனக்குத் தெரியாது. என் கண்ணால பாத்தது படங்குதான். திருவிழாவுக்கு படங்கு இருந்தா கித்தாரும் இருக்கும்."

டேப்பும் சுத்துனான், படங்கும் போட்டான். திருவிழாவன்னைக்கு எவரோ அந்தப் படங்குக்கு சந்தனப் பொட்டும் வச்சிருந்தாங்க. பூசாரி தீபத்த தூக்குனாரு. துஷாந்த் கைய எடுத்தான்.

ஸ்ஸ்ஸ்.

ஒருத்தரும் ஓடல. அம்புட்டு பேரும் அவனத்தான் மொறச்சாங்க. தலைவரு பல்ல கடிச்சாரு. துஷாந்த் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனான், பெடல் வயரையே புடுங்கிக் காட்டுனான். அப்பவும் ஸ்ஸ்ஸ். தலைவர் மூக்குல ஒரு சொட்டு விழுந்துச்சு. அண்ணாந்து பாத்தாரு. அசல் மழ. லயத்துக் கொடியில அத்தன துணியும் நனைஞ்சு போச்சு.

"வயர மாட்டி வாசி தம்பி"ன்னாரு தலைவரு. "அடுத்த வருஷமும் நீதான்."

பகல் வெளிச்சத்துல ஒருதடவ வச்சுப் பாத்திருந்தா கோளாறு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். வெளிச்சத்துக்கு அவன் எங்க போவான்? பன்னெண்டு வீட்டுக்கும் சேத்து அந்த லயத்துல ஜன்னல் மூணு.