பட்டினி போடச் சொன்ன பன்றி

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த எழுபதுகளில், தூத்துக்குடியில் வீட்டுக்குப் பின்னால் நான் பன்றி வளர்த்தேன். சாக்கடையில் அவிழ்த்து விடுவதுதான் பன்றி வளர்ப்பு என்று ஊருக்கு நினைப்பு. என் கொட்டிலுக்குச் சிமெண்டுத் தரை. தினமும் கழுவிச் சுண்ணாம்பு தெளிப்பேன். துறைமுக கேன்டீனில் மிஞ்சியதை வாங்கிவந்து, உடைமர விறகில் மறுபடி கொதிக்கவைத்த பிறகே தொட்டியில் ஊற்றுவேன். "மருமகனுக்குக்கூட இப்படி ஆக்கிப் போடமாட்டா" என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டும். புருஷன் இல்லாத என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பன்றிகளால்தான்.

விற்பதும் அறுப்பதும் என் அண்ணன். பன்றியின் குடலில் கிருமி இருக்கும், குடல் கிழிந்தால் அது கறியில் ஏறிவிடும், அதனால் அறுப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் மட்டும் காட்டி வயிற்றைக் காலியாக வைக்கவேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் அதைச் சொல்லித்தான் அனுப்புவேன். "எனக்குத் தெரியாதாளா" என்பான். கூடப்பிறந்தவன் ஆயிற்றே, நம்பினேன்.

ஒரு கல்யாண வீட்டுக்காக அப்படித்தான் ஒரு பன்றியை அவன் வீட்டில் கட்டினோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அறுத்தான். ஓலை கொளுத்தி மயிர் பொசுக்கிய தணலிலேயே ஈரலை வாட்டி, கூடமாட நின்ற ஆண்கள் அங்கேயே தின்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி வெந்தால்தான் ருசியாம். தின்றவர்கள் எல்லோரும் அன்றே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாள் அந்தப் பெண் அவர் கைப்பிடிக்காமலே மாதா கோயிலுக்குள் நடந்தாள். வினிகர் ஊற்றி நன்றாக வேகவைத்த கறியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பங்குச் சாமியார் கூப்பிட்டு விசாரித்தார். என் பக்கத்தில் நின்றுகொண்டே அண்ணன் சொன்னான்: "என் கையில குத்தமில்ல சாமி. இவ பன்னிக்குத்தான் சீக்கு."

அதோடு என் கொட்டிலை எட்டிப்பார்க்க ஆளில்லை. வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். பிறகு ஒருநாள் குழாயடியில் மதினி, அண்ணன் பெண்டாட்டி, என் காதோடு சொன்னாள்.

"உயிரோட நிறுத்துத்தான வெல. எடை கூடணும்னு ஒங்க அண்ணன்தான் புண்ணாக்கும் கஞ்சியுமா வைக்கச் சொன்னாவ. வகுந்ததும் கொடல் கிழிஞ்சிட்டு. ஈரலுல பட்டதத் தண்ணிய ஊத்தி அலசிக் குடுத்தாவ. அவிய மட்டும் ஒரு துண்டு திங்கல."

"இத சாமியார்ட்ட வந்து சொல்லுவியா மதினி?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சொந்த அண்ணனே என் கழுத்தை அறுத்திருந்தான்.

மறுவருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புறவாசல் வழியாக வந்து நின்றான்.

"ஏளா, பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு பன்னி வளத்துக் குடு. வெளிய வாங்கப் பயமா இருக்கு. ஒன் பன்னின்னா நம்பித் திங்கலாம்."

அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "இந்தத் தடவ ஈரல நீயும் திம்பியாண்ணே?"

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.