தண்ணீர்ச் சீட்டு

புதன்கிழமை மத்தியானம் இங்கே மாதா கோயிலுக்குக் கீழே இருக்கும் அறையில் பிள்ளைகள் சீட்டு ஆடுகிறார்கள். காரைக்காலில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு தவக்காலத்தில் அண்ணன் சட்டைப்பையில் சீட்டுக்கட்டைப் பார்த்த எங்கள் அப்பா, அதை அப்படியே அடுப்பில் போட்டார். ராஜா, ராணி எல்லாம் எரிந்து அன்றைக்குச் சோறு வெந்தது. பாரிசுக்குப் பக்கத்து ஊரான இங்கே சாமியாரே படியிறங்கி வந்து கட்டைக் கலைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். மகன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், இதைப் பார்க்கும்போது இன்னும் கை தானாக முந்தானையை இழுத்துக்கொள்கிறது.

அது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் மதாம் ஒதீல் தானே படம் வரைந்து செய்த ஆட்டம். ஜெபம், தர்மம், பாவசங்கீர்த்தனம் என்று சீட்டுகள். கையிலிருப்பதை எல்லாம் முதலில் இறக்கியவர் ஜெயித்தவர். ஆனால் ஞானஸ்நானச் சீட்டு வந்தால்தான் மற்றதை இறக்கலாம். முழுக் கட்டுக்கும் அப்படி மூன்றுதான். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவதால் பிரஞ்சுக்குக் கீழே தமிழிலும் எழுதவேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். நான் அஞ்சாவதோடு நின்றவள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் பழகிய உருண்டைக் கையெழுத்து மட்டும் மிச்சம். இதை நகலெடுத்து ஒரு கட்டு என் மகன் கையில் காரைக்காலுக்கும் போகிறது என்றார்.

என் மருமகள் ரெஜினாவுக்கு இது பிடிக்கவில்லை. "வெளையாட்டுல எதுக்கு அத்தை இதெல்லாம்? நோவா பெட்டி, யானை, கொரங்கு, மீன் வயித்துல யோனா, அது போதும். பாவம் புண்ணியத்தையெல்லாம் சீட்டுல வச்சா, தோத்த புள்ள நான் பாவின்னு அழுவும்" என்றாள். மதாமிடமும் சொல்லியிருக்கிறாள். சத்தியத்தை எடுத்துவிட்டால் அது மிருகக்காட்சிசாலைதான் என்று மதாம் பதில் சொன்னாராம். இரண்டும் சரியாகவே எனக்குப் பட்டது. நான் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை ஆள் குறைந்தது. என்னையும் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுத்தேன். ஞானஸ்நானம் வரவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் ஜெபமும் தர்மமுமாக இறக்கிக்கொண்டே போனார்கள். என் கையில் சீட்டு விசிறி மாதிரி விரிந்து, பிடிக்கமுடியாமல் போனது. ஆட்டம் முடிந்தபோது என் முன்னால் மேசை வெறுமையாக இருந்தது. மதாம் என் தோளைத் தட்டி, "பா து ஷான்ஸ்" என்றார். அதிர்ஷ்டம் இல்லை என்று அர்த்தம். என் முகம் மாறியதைப் பார்த்து, தோற்ற வருத்தம் என்று நினைத்து, தோற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாக்லேட்டை எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மற்றச் சீட்டுகளை எல்லாம் எழுதி முடித்தேன். அந்த மூன்றை மட்டும் எழுதவில்லை.

கல்யாணமாகிப் பட்டினத்தில், அதுதான் திருமலைராயன்பட்டினத்தில், குடியிருந்தபோது எனக்கு எட்டாம் மாதமே ஒரு பெண் பிறந்தாள். நல்ல மழை. பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் காரைக்காலிலிருந்து சாமியாரைக் கூட்டிவரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். மாமியார் கொல்லையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்து வீட்டு கதீஜா லாத்தா மடியில் இருந்தாள். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். சாகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், கிறிஸ்தவராக இல்லாதவரும் ஊற்றலாம் என்று கன்னியர் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பெற்ற அயர்ச்சியில் என் கை எழும்பவில்லை. லாத்தாவிடம் சொன்னேன். "ஒங்க சாமிக்கு இதுதான் வேணுமுன்னா ஊத்துறேன் புள்ள, வார்த்தையைச் சொல்லு" என்று செம்பை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார். சாமியார் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார். "இல்லிங்க சாமி, அதுக்குள்ள போயிடுச்சு" என்றார் மாமியார். நான் பேசாமல் கிடந்தேன். துலுக்கச்சி கையா என்று கேட்டு லாத்தாவை இனி வாசலில் விடமாட்டார்களே என்ற பயம். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே வைத்தார்கள். கோயில் புத்தகத்தில் பேர் ஏறவில்லை.

அன்றைக்குப் பேசாமல் இருந்தது போதும் என்று முடிவு செய்தேன். அடுத்த புதன்கிழமை ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போய், அந்த மூன்று சீட்டையும் மதாம் முன்னால் வைத்தேன்.

"இதை இப்புடியே எழுதமாட்டேன்னு சொல்லு."

தமிழில் எழுதத் தெரியவில்லையா, பரவாயில்லை என்றார் மதாம். எழுதத் தெரியும், ஞானஸ்நானம் அதிர்ஷ்டத்தில் வருவதில்லை என்றேன். அதற்கு, ஆட்டத்தில் எல்லாவற்றையும் வைக்கமுடியாது, மற்றது புத்தகத்தில் இருக்கிறது என்றார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ரெஜினா பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அத்தை, எங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி ஒரு புள்ளையா?"

"ஆமா. பொண்ணு. நிறுத்தாத, சொல்லு."

அவள் சொல்லி முடித்தாள். மதாம் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, வார்த்தை சரியாகச் சொல்லப்பட்டதா என்று கேட்டார்.

"சொன்னாங்க. நான் சொல்லச் சொல்ல."

தண்ணீர் தலையில் ஓடியதா?

"ஓடிச்சு. காதுக்குள்ள போயிடுமேன்னு லாத்தா முந்தானையால தொடைச்சாங்க."

அப்படியானால் அது ஞானஸ்நானம்தான், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்றார் மதாம். கணக்குச் சரி என்று டீச்சர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பேர் என்ன என்று கேட்டார்.

"சகாயமேரி. அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்புட்டது லாத்தா ஒருத்தங்கதான்."

மதாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. பிறகு ஆட்டத்தின் சட்டத்தைத் திருத்தினோம். அந்த மூன்று சீட்டும் கட்டுக்குள் ஒளியக்கூடாது, மேசை நடுவில் திறந்தே கிடக்கவேண்டும். அவரவர் முறை வரும்போது எடுத்து, இல்லாதவர் முன்னால் வைக்கலாம். தனக்குக் கிடைக்காதவரும் அடுத்தவருக்கு வைக்கலாம். தனக்குத்தானே வைத்துக்கொள்ளமட்டும் முடியாது, அதுதான் போதனை என்று மதாம் உறுதியாக நின்றார்.

"அப்ப யாருதான் தோக்குறது?" என்றாள் ரெஜினா.

"வேற எதுலயாவது தோக்கட்டும்" என்றேன்.

எழுதும்போது இன்னொன்றும் செய்தேன். படத்தில் தண்ணீர் ஊற்றும் கைக்குச் சாமியார் அங்கி போட்டிருந்தது. அதன்மேல் பச்சைப் பேனாவால் நாலு வளையல் வரைந்தேன். மதாம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மகன் ஊருக்குப் போனபோது ஒரு கட்டு காரைக்கால் கோயிலுக்குப் போனது. இங்கே பிள்ளைகள் ஆடும் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு தண்ணீர்ச் சீட்டை எடுத்து, லாத்தா கையில் கொடுக்கச் சொன்னேன். லாத்தா போனில் கூப்பிட்டார். "ஏம்புள்ள, இந்த வயசுல எனக்குச் சீட்டா அனுப்புறே? மாமி சூதாட ஆரம்பிச்சிட்டாங்கன்னு மருமவ சிரிக்கிறா."

"படம் தெரியுதா லாத்தா?"

"நான் போட்டிருந்தது செவப்பு வளையலு. நீ பச்சை போட்டிருக்கே" என்றார். சீட்டை மூக்குக்கண்ணாடி டப்பாவில் வைத்திருக்கிறாராம்.

புதன்கிழமைதோறும் இங்கே பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன்னால் சீட்டை எண்ணுகிறார்கள். இரண்டுதான் இருக்கிறது, ஒன்று தொலைந்துவிட்டது என்று என்னிடம் சொல்கிறார்கள். தொலையவில்லை, பட்டினத்தில் இருக்கிறது என்று பிரஞ்சில் சொல்லத் தெரியாமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுகிறேன். பிள்ளைகள் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறார்கள். வெளியே கார்கள் நிற்கின்றன. திரும்பி வந்து, மூன்றாவது சீட்டு இருக்கவேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டு ஆடுகிறார்கள்.