தவிட்டு மக்ரோணி

மனையியல் படிப்பிக்கிற டீச்சரின் புருஷன் பள்ளிவாசலில் கஞ்சி குடிக்கிறார் என்பது மாத்தளையில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விசயம். தெரியாதவள் நான் ஒருத்திதான். அந்த டீச்சரும் நான்தான்.

யுத்தம் முடிவதற்குக் கொஞ்சம் முந்தி அவருக்குச் சீனி வருத்தம் கண்டது. கிளினிக் டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பாணையும் வெள்ளை மாவையும் விட்டு, தவிடு நீக்காத கோதுமையில் செய்த சாமான்களைச் சாப்பிடச் சொன்னார். பின்னேரத்தில் நடக்கச் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. குறைக்கச் சொன்ன சோற்றை இராத்திரியில் ஒரேயடியாக நிறுத்தினேன்.

டவுன் கடையில் தவிட்டுக் கோதுமை மக்ரோணி மூன்று விதம் இருந்தது. ஒன்று வெளிறின மண்ணிறம், ஒன்று தேத்தண்ணி நிறம், மற்றது கிட்டத்தட்டக் கறுப்பு. பைக்கற்றுகளைத் திருப்பித் திருப்பி வாசித்து, நார்ச்சத்து கூடின கறுப்பை எடுத்தேன். ருசியைப் பற்றி யோசிக்கவே இல்லை. மருந்தென்றால் கசக்கத்தான் வேண்டும் என்று வளர்ந்தவள் நான். உப்பைக் குறைத்து, தேங்காய்ப்பாலை விட்டு, லீக்ஸும் கரட்டும் போட்டு அவித்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் கந்தோரில், தலைமைக் கிளாக். மேலதிகாரிகளுக்கும் இதே குரலில்தான் பதில் சொல்லியிருப்பார். அவர் சாப்பிட்டு எழும்பின பிறகு, எங்கள் வீட்டு வழக்கப்படி, நான் குசினிக்குள் இருந்து சோறும் பருப்பும் சாப்பிடுவேன். எனக்குத்தான் சீனி இல்லையே.

பள்ளிக்கூடத்தில் என் பெருமைக்கு அளவே இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நார்ச்சத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவேன். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு டீச்சரின் மாமியாருக்கும் சீனி. அவளைப் பிடித்து வைத்து அந்தக் கறுப்பு மக்ரோணியையே வாங்கச் சொன்னேன். "எங்க வீட்டுல ஒரு முறைப்பாடும் இல்ல, அவர் விரும்பிச் சாப்பிடுறார்," என்றேன்.

நோன்பு மாதம் வந்தபோது அவருடைய பின்னேர நடை நீண்டது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிற ஒருவர் அந்தக் காலத்தில் தனியே ரோட்டில் நடந்தால் ஆமிக்காரர் மறித்துக் கொண்டுபோனாலும் கொண்டுபோவார்கள். கேற்றடியிலேயே நிற்பேன். அவரோ முகம் தெளிந்து, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். நடை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

பெருநாளுக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு ராத்தா பின் கதவால் வந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கும் அவர் ராத்தாதான். பெருநாளில் வட்டிலாப்பம் கொண்டு வருகிறவர் எப்போதும் முன் வாசலால்தான் வருவார். அன்றைக்கு முந்தானையால் மூடி ஒரு அரிசிப் பை கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், கோவிச்சிக்க வாணாம். பெருநாளைக்கி இல்லாதவங்களுக்கு அளந்து குடுக்கிற அரிசி. நாங்க நல்லாத் திண்டுட்டு ஈக்க, பக்கத்து வீடு பசியா ஈக்கப்படா."

"யாருக்கு ராத்தா பசி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சேர் நாளும் பள்ளிக்கி வந்து கஞ்சி குடிக்கிறாரு. எங்கட அவருதானே கஞ்சிக்குப் பொறுப்பு. 'இதில இறைச்சி ஈக்கி சேர்' எண்டு சொல்லியும் பாத்தாராம். பரவாயில்ல எண்டு ரெண்டு கோப்ப குடிச்சாராம். சைவக்காரர் இறைச்சிக் கஞ்சி குடிக்கிற எண்டா வீட்டுல அடுப்பு எரியல்ல எண்டுதானே நாங்க நெனச்ச. சம்பளத்த வடக்குல ஈக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்புறீங்களாக்கும் எண்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நாங்கள் ஏழைகள் என்று தலையாட்டினால் அது பொய். இல்லை ராத்தா, என் சமையல் தொண்டையில் இறங்காமல்தான் அவர் அங்கே வருகிறார் என்றால், அது அதைவிடக் கேவலம். ஒழுங்கையில் யாரும் பார்க்கக் கூடாதென்று ராத்தா பின் கதவால் வந்திருந்ததுதான் எனக்கு அதிகம் சுட்டது. பையை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பையைக் கொண்டுபோய் என் புருஷன் வாசித்துக்கொண்டிருந்த பேப்பருக்கு மேலே வைத்தேன். அரிசியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. சைவம் போனது, மானம் போனது, தேங்காய்ப்பால் கஞ்சியில் சீனி ஏறினால் உயிரும் போகும் என்று கத்தினேன். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அதையே மெல்லிய குரலில் கத்தினேன்.

"பிடிக்கலைன்னா சொல்றதுக்கு என்ன?"

"நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்யிற. எப்படிச் சொல்றது?"

கோபத்தோடு குசினிக்குப் போனேன். சட்டியில் முதல் நாள் மக்ரோணி மிச்சம் இருந்தது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். அதுவரைக்கும் அதை நான் வாயில் வைத்ததே இல்லை. நனைந்த சாக்கைச் சப்புவது போலிருந்தது. துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அப்படியே குந்தியிருந்தேன். இதைத்தான் அந்த மனுசன் மாதக்கணக்காக மென்று விழுங்கியிருக்கிறார்.

அன்றைக்கு ராத்தாவின் அரிசியிலேயே ஒரு கோப்பை அளந்து அவருக்குச் சமைத்தேன். டொக்டர் குறைக்கத்தானே சொன்னார்.

பெருநாள் கழிந்து கடைக்குப் போய் மூன்று விதத்தையும் வாங்கினேன். வேறு வேறாக, உப்புப் போட்டு அவித்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்து, மூன்று பீங்கானில் போட்டு அவருக்கு முன்னால் பரப்பினேன்.

"இன்னைக்கு உண்மையைச் சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவர் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது பீங்கானிலும் ஒரு வாய் எடுத்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். விடை அங்கேதான் எழுதியிருக்கிறது என்பது போல. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுசன் எல்லாவற்றையும் இப்படித்தான் ருசி பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைத்த சாம்பாரை, நான் எடுத்த சேட்டுத் துணியை, பிள்ளைக்கு நான் வைத்த பேரை.

கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்க்க இருந்துகொண்டேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

முதுகுக்குப் பின்னால் ஒரு பீங்கான் இழுபட்டது. பிறகு, "இது வேணாம்," என்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இதுவும் வேணாம்," என்றார்.

அதற்குப் பிறகு மூன்றாவது பீங்கானில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.