என் பெயரில் பரீட்சைக்குப் போன அக்கா

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கோயமுத்தூரை ஒட்டிய கணபதி என்ற ஊருக்கு வடக்கே, சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். பைக்காராவிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரக் கம்பி வந்து சேர்ந்த புதிது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிகாரம்கூட வந்து சேரவில்லை. ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம், ஒரே வாத்தியார், நான்கு வகுப்புகள்.

வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி ஒரு பக்கம் படிக்கச் சொல்வார், மூன்று கணக்குக் கேட்பார். முந்தின வருஷம் வந்தவர், வாசிப்பும் கணக்கும் படுமோசம், அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாம் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார். மூடினால் கணபதிக்கு நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பமாட்டார்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மற்ற வகுப்பெல்லாம் எப்படியோ ஒப்பேறிவிடும், எங்கள் வகுப்புதான் உதைத்தது. எட்டுப் பேரில் நாலு பேர் நிச்சயம் தேறுவார்கள். ஐந்தாவதாக ஒரு ஆள் தேறினால் பள்ளிக்கூடம் தப்பித்தது. அந்த ஐந்தாவது ஆளைத் தேடி வாத்தியாரின் கண் வகுப்பைச் சுற்றி வரும். என்மேல் வந்ததும் மூடிக்கொள்ளும். எனக்கு எழுத்தெல்லாம் தெரியும். தனித்தனியாக வந்தால் அடையாளம் சொல்லிவிடுவேன். கூட்டமாக வந்தால்தான் பயம்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. நாலாம் வகுப்பை முடித்துவிட்டு, அதற்குமேல் ஊரில் வகுப்பு இல்லாததால் வீட்டோடு இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுப்பாள். பிண்ணாக்கு மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிப்பாள். ஆள் குள்ளம். அதுதான் வாத்தியாருக்கு யோசனை கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாளான்னைக்கு இன்ஸ்பெக்டர் வாராருங்க. புது ஆளு. நம்ம பிள்ளைக மூஞ்சி அவருக்குத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தார் வாத்தியார். "சின்னதுக்கு அன்னைக்கு வகுத்து வலின்னு வெச்சுக்குவோமுங்க. பெரியது அது எடத்துல ஒரேயொரு நாளைக்கு வந்து உக்காரட்டுமுங்க."

"அது பொய்யல்லொங்க?" என்றார் அப்பா.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் இரண்டு வரி படித்தேன்.

"பெரியதையே கூட்டிட்டுப் போங்க" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. என் பெயரைக் கடன் வாங்குகிறவர்கள் என்னிடமல்லவா கேட்க வேண்டும்? அக்காவோ மாட்டுத்தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததுமே அக்கா குளித்து, இறுக்கமாகப் பின்னி, சிலேட்டைக் கரி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப்போனாள். அம்மாவுக்கு முழுப்பொய் சொல்ல மனசில்லை. அதனால் வராத வயிற்றுவலிக்கு எனக்கு ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம் ஊற்றிவிட்டுத்தான் காட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் கோட்டும் தலைப்பாகையுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் இடத்தில் முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, முடிந்தவரை சின்னவளாக அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்து வந்தார். என் பெயர் வந்தது.

"உள்ளேனுங்க" என்றாள் அக்கா.

"உள்ளேனுங்க!" என்றேன் நானும், ஜன்னலுக்கு வெளியிலிருந்து. வேண்டுமென்று சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தவர், துண்டை எடுக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். அக்காவை எழுப்பி, "உன் பேர் என்ன?" என்றார்.

"இன்னிக்கு மட்டும் அதே பேருதானுங்க" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டரின் மீசை அசைந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்படியானால் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம்" என்றார்.

முதலில் நான். காக்கையைப் பற்றிய பாடத்தில் பாதிப் பக்கத்தை ஒருவழியாகக் கடந்தேன். சிலேட்டில் போட்ட முதல் கணக்கு தப்பு. இரண்டாவது அதைவிடத் தப்பு. அவர் சிலேட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஆறு வள்ளம் ராகி இருக்கிறது. அதில் மூன்று படி எடுத்துவிட்டால் மிச்சம் எத்தனை படி?" என்று வாயாலேயே கேட்டார். ஒரு வள்ளத்துக்கு நாலு படி. அம்மா ஆள்களுக்கு ராகி அளக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவள் நான். "இருபத்தோரு படிங்க. குமிச்சு அளந்தா கொறையுமுங்க" என்றேன். அவர் இப்போது நிஜமாகவே சிரித்தார்.

பிறகு அக்கா. பாடப்புத்தகத்தை அவர் தொடவில்லை. தன் பையிலிருந்து பருத்திச் சாகுபடி பற்றிச் சர்க்கார் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டி, "ஒரு பக்கம் படி" என்றார். அக்கா காய்ப்புழுவைப் பற்றிப் படித்தாள். தடுக்கல் இல்லை, திக்கல் இல்லை. பக்கம் முடிந்தது. யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். அதற்கடுத்ததையும் புரட்டினாள். "போதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் காதில் அது விழவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எந்த வகுப்பு நீ?"

"எந்த வகுப்புமில்லீங்க. நாலோட நின்னுபோட்டேனுங்க."

"ஏன்?"

"அதுக்கு மேல இங்க இல்லீங்க."

அவர் வாத்தியாரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். என்ன பேசினாரோ, அதன்பின் வாத்தியார் எந்தப் பிள்ளைக்கும் வயிற்றுவலி வரவைத்ததில்லை. நோட்டில் மட்டும், மூன்றாம் வகுப்பில் ஐந்து பேர் தேர்ச்சி என்றும், இந்த ஊருக்கு ஐந்தாம் வகுப்பு அவசியம் என்றும் எழுதியிருந்தார். ஐந்தாவது ஆள் நான்தான். பள்ளிக்கூடத்தை நானே காப்பாற்றியதாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு இரண்டு வருஷம் கழித்து வந்தது, சரியாக நான் போய் உட்காரும் சமயத்துக்கு. அக்கா அதற்குள் கல்யாணமாகி உக்கடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று இன்ஸ்பெக்டர் போகும்போது அந்தச் சின்னப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். முழுவதும் சேர்த்துப் பதினாறு பக்கம் இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பக்கம் படித்துவிட்டு மூடிவைத்துவிடுவாள். நாலு நாள் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"ஏனக்கா, ஒரு நாளைக்கு ஒரு பக்கந்தான் படிக்கறே?"

"வெரசாப் படிச்சா வெரசாத் தீந்துபோயிருமல்லொ கண்ணு" என்றாள்.

இது சாக்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன், வாத்தியாரிடமும் சொன்னேன்: இன்ஸ்பெக்டர் நன்றாக ஏமாந்துபோனார், எங்கள் அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்குமேல் படிக்க வராது.