முள்ளம்பன்றியும் நீதிபதியும்

பதினாறு வருடம் தொலைக்காட்சியில் நடித்தும் ஆர்டிஸ் கோவலைத் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, சாட்சி என்று வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போவாள். அதிக நேரம் திரையில் கிடந்தது ஒரு துப்பறியும் தொடரில், பிணமாக.

"அதுலதான் நீ பிரமாதம் ஆர்டி. மூச்சே விடலயே!" என்பான் கணவன் மெர்ல்.

அவள் குரல் கரகரப்பானது. ஒருமுறை பர்பேங்க் நகரிலிருந்த தன் வீட்டுக்கு நண்பர்களைக் கூப்பிட்டு, பாப்கார்ன் பொரித்து, தான் நடித்த காட்சிக்காகக் காத்திருந்தாள். திரையில் அவள் வாய் திறந்தது. வந்ததோ வேறொருத்தியின் தேன் குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாப்கார்ன் கொண்டுவருவதாகச் சமையலறைக்குப் போனவள், வெகுநேரம் திரும்பவில்லை.

அடுத்த மாதம் ஒரு கார்ட்டூன் தொடரில் கூட்டத்தின் கூச்சலுக்குக் குரல் கொடுக்க ஆள் தேடினார்கள். போனாள். அன்று பார்த்து, முள்ளம்பன்றிக் குட்டி டிக்கோவுக்குப் பேசும் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது. இயக்குநர் ஃபே டாலிவர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்கள்ல யாருக்காவது பத்து வயசுப் பையனா பேச வருமா?"

ஆர்டிஸுக்குத் தம்பி ஞாபகம் வந்தது. ஜன்னலை உடைத்துவிட்டு அம்மாவிடம் பொய் சொல்லும்போது மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசுவான். மைக் முன்னால் போய் அப்படியே பேசினாள்.

"நான் உடைக்கலம்மா. அதுவா உடைஞ்சிடுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்... கையில கல்லோட."

ஃபே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"பிணவறையில," என்றாள் ஆர்டிஸ்.

டிக்கோ ஒன்பது வருடம் ஓடியது. அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் ஒரு நீதிமன்றத் தொடரில் நீதிபதி வேடத்துக்கு அழைத்தார்கள். "உங்க குரல்லயே பேசுங்க, மாத்தாதீங்க" என்று அந்தத் தொடரின் இயக்குநர் சொன்னதை அன்று மெர்லிடம் மூன்று தடவை சொன்னாள்.

காலையில் கறுப்பு அங்கி, மதியம் முள்ளம்பன்றி. ஒருநாள் வரிசை மாறிப்போனது. டிக்கோவை முடித்துவிட்டு ஓடிவந்தவள், ஆசனத்தில் உட்கார்ந்து, கொலைக் குற்றவாளியை முறைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிக்கோவின் குரலில், "ஆயுள் தண்டனை!" என்றாள்.

குற்றவாளியாக நின்ற தடியன் கைவிலங்கோடு தரையில் உட்கார்ந்து சிரித்தான். "ஐயோ, எம் பொண்ணுகிட்ட சொன்னா நம்பவே மாட்டா! டிக்கோவா நீங்க?"

"ஆமாப்பா. எந்திரி, உனக்கு இன்னும் தண்டனை முடியல" என்றாள் நீதிபதி.

மறுநாள் அவன் மகளோடு வந்தான். ஆர்டிஸ் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அங்கியோடு அந்தச் சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து டிக்கோவாகவே பேசிக்கொண்டே இருந்தாள்.