பன்னிரண்டு துண்டு ரொட்டி

நேற்று முதலியார்பேட்டையில் ஒரு பேக்கரியில் நீள ரொட்டி வாங்கினேன். கடையிலிருந்த பெண் கத்தியை எடுத்துக்கொண்டு, "எத்தினி பேருக்குக்கா? அதுக்குத் தக்க வெட்டித் தரேன்" என்றாள். சாதாரணக் கேள்விதான். ஆனாலும், "அப்படியே குடும்மா" என்று வாங்கி வந்துவிட்டேன்.

அந்தச் சூடான வாசனை வந்தாலே எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்த்த அப்பா, அந்த ஒரு நாள்தான் பகல் முழுக்க எங்களோடு இருப்பார். விடிந்ததும் டவுனுக்கு சைக்கிளில் போய் ரொட்டி வாங்கி வருவார். மற்ற வீடுகளில் கோழிக் குழம்புக்குத் தோசை சுடுவார்கள், எங்களுக்கு ரொட்டி. அம்மா அதைப் பன்னிரண்டு துண்டாக நறுக்குவாள். அப்பா, அம்மா, நான், தங்கை. ஆளுக்கு மூன்று.

வாராவாரம் இப்படிப் பங்கு போட்டுத் தின்றும் எனக்கு வகுத்தல் வரவில்லை. கணக்கில் நான் புலிதான், டீச்சரைக் கண்டதும் பெஞ்சுக்கடியில் பதுங்குகிற புலி. நாலாம் வகுப்பு டீச்சர் என்னைத்தான் எழுப்புவார்.

"பன்னெண்டு மாம்பழம். நாலு பேருக்குக் குடுத்தா ஈவு மூணு. அதையே மூணு பேருக்குக் குடுத்தா ஈவு கூடுமா, கொறையுமா?"

நாலைவிட மூன்று சின்னது, ஆகவே எல்லாமே சின்னதாகிவிடும் என்பது என் கட்சி. "கொறையும் டீச்சர்" என்பேன். தலையில் ஒரு குட்டு விழும்.

அந்த மழைக்காலத்தில், ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த அப்பா மேல் லாரி ஏறிவிட்டது. கருமாதி முடிந்து வந்த முதல் ஞாயிறு, அம்மாவே போய் ரொட்டி வாங்கி வந்தாள். பழக்கத்தில் பன்னிரண்டாக நறுக்கி, ஆளுக்கு மூன்று வைத்தாள். தாம்பாளத்தில் மூன்று துண்டு மிஞ்சியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆளுக்கொன்றாக எடுத்து வைத்து, "துன்னுங்கடி, காஞ்சி பூடும்" என்றாள்.

என் தட்டில் நான்கு. அப்போதுதான் எனக்கு ஈவு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். அழுகை முட்டியது, பசியும் இருந்தது. அப்பாவின் துண்டைத் தின்றேன். அது ருசியாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

மறுவாரம் டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். "கூடும் டீச்சர்" என்றேன்.

"அப்பாடா, மண்டையில ஏறிடுச்சி! எல்லாரும் கை தட்டுங்க. எப்படிடி புரிஞ்சிது?"

"எங்க வூட்ல இப்ப மூணு பேரு டீச்சர்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு என்னை அவர் குட்டியதே இல்லை.

அப்பா ரொட்டி வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தங்கை கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டாள். அம்மா போன தையில் போய்ச் சேர்ந்தாள். நேற்று அந்த ரொட்டியை, பழக்கத்தில், பன்னிரண்டாக நறுக்கிவிட்டேன். பன்னிரண்டும் என் ஒருத்திக்கே. இன்று காலை பார்த்தேன், பாதிக்கு மேல் காய்ந்துபோயிருந்தது.