தெற்கு மூலைத் தென்னை

பல் விளக்கிய கையோடு தாணுலிங்கம் தோட்டத்தின் தெற்கு மூலைக்குப் போய் அண்ணாந்து நிற்பார். அங்கே தனியாக நிற்கும் இளந்தென்னையின் குருத்துக்கும் மேலே ஓடும் மின்கம்பிக்கும் நடுவில் எவ்வளவு வானம் தெரிகிறது என்று பார்ப்பார். "இன்னும் எடம் கெடக்கு" என்று தமக்கே சொல்லிக்கொள்வார். டவுனில், கிழக்கேகோட்டையில் இருக்கும் தம் பாத்திரக்கடைக்குப் பஸ் பிடிக்க அதற்குப் பிறகுதான் கால் நகரும்.

பள்ளிச்சலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது தோட்டம். ஆள் கறார். ஒரு தேங்காய் வேலி தாண்டி விழுந்தாலும் போய் எடுத்து வருகிற ரகம். அறுபத்தெட்டாம் வருஷம் கரண்டு ஆட்கள் கம்பி இழுக்க வந்தபோது இவரே முன்னால் நடந்து வழி காட்டினார். "காய்க்கிற மரத்துல கை வைக்காண்டாம். தெக்கு ஓரம் சும்மாதானே கெடக்கு, அதுவழி கொண்டு போங்க." அன்று ஒரு மரமும் போகவில்லை. அந்தச் சாமர்த்தியத்தைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மறுவருஷம் ஒரே மகள் விஜயம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி சொந்த மண்ணின் தெற்கு மூலையில் அடக்கி, மேலே ஒரு தென்னங்கன்று வைத்தார்கள். பெற்ற பிள்ளையைப் புதைக்கிற நேரத்தில் மேலே கம்பி ஓடுகிறதா என்று எவன் பார்ப்பான்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்பது கன்று வேர் பிடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து மற்ற மரங்களுக்கு உப்பும் சாம்பலும் எருவும் உண்டு, இதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது. வளராவிட்டால் போகிறது, இருந்தால் போதும் என்று நினைத்தார். தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் கஞ்சன் என்றார்கள். மனைவி முத்தாரம்மாளோ அவர் பஸ் ஏறியதும் ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரை அதன் அடிமூட்டில் ஊற்றிவிடுவாள். பிள்ளையைப் பட்டினி போட அவளுக்கு மனசில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மண் ஈரமாய்க் கிடக்கும். நிறுத்தச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் வருஷாவருஷம் கம்பியோரத்து மரங்களைக் கழிக்கக் கரண்டு ஆட்கள் வருவார்கள். அன்று கடைக்குப் பூட்டு. மரச்சீனிக் கிழங்கும் கட்டன்சாயாவும் கொடுத்துத் தாங்கு தாங்கென்று தாங்குவார். "மட்டைய மட்டும் எடுத்தா மதி, மக்கா. குருத்தத் தொடாண்டாம், கேட்டியா?" அவர்களுக்குத் தலைவன் வன்னியராஜ், தென்காசிப் பக்கத்து ஆள். மரத்தின் கதை தெரிந்தவன். மட்டையை மட்டும் கழித்துவிட்டுப் போவான். கம்பியை நகர்த்த முடியுமா என்றும் தாணுலிங்கம் கேட்டுப் பார்த்தார். நகர்த்தினால் அடுத்த மனையில் ராகேல் என்ற விதவையின் ஓலைக்கூரைக்கு மேலே போகும் என்றார்கள். கறாரான மனுஷன்தான். ஆனாலும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷம் வன்னியராஜ் சாயாவைத் தொடவில்லை.

"இனி மட்டைய மட்டும் வெட்டினாப் பத்தாது, அண்ணாச்சி. மழையில குருத்து கம்பில முட்டிச்சுன்னா, மரத்துல கை வச்ச ஆளு அந்த எடத்துலயே முடிஞ்சிரும். வீட்டுல யாரும் அதுகிட்டப் போவாகளா?"

தாணுலிங்கம் அடுக்களைப் பக்கம் திரும்பினார். முத்தாரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தினமும் மரத்தில் ஊன்றுகிற கை கதவைப் பிடித்திருந்தது.

"வெட்டுங்க" என்றார்.

மரம் கம்பியில் சாயாதபடி வடத்தை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மரம் விழுந்த பிறகும் பிடியை விடவில்லை. வன்னியராஜ்தான் விரல்களைப் பிரித்து வாங்கினான். கொண்டையில் முதல் பாளை தலைகாட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் அண்ணாந்து பார்க்கப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. அரிசி கழுவிய பானையோடு முற்றம் வரை வந்த முத்தாரம்மாள், அங்கேயே நின்றுவிட்டாள். அவர் எழுந்து போய்ப் பானையை வாங்கிக்கொண்டார். தெற்கு மூலைக்கு நடந்து, குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அடிக்கட்டையின் மூட்டில் ஊற்றினார்.